தண்ணீரை வெளியே அனுப்பிவிட்டு: உருகிய உப்பில் மின்சாரம் பாய்ச்சப் போகிறவர்களுக்கு

மேட்டூரில் அணைக்குப் பக்கத்தில் இரண்டு ஆலைகள் எழுந்தன. ஒன்று 1936இல் தொடங்கப்பட்ட மேட்டூர் கெமிக்கல்ஸ். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பது அதன் தொழில். இன்னொன்று 1960களில் வந்த மால்கோ. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் மண்ணை இறக்கி அலுமினியம் எடுத்தார்கள். அந்த வேலை 2008இல் நின்றுபோனது. இரண்டு இடத்திலும் நடந்தது, மின்சாரத்தால் ஒரு பொருளைப் பிரித்தெடுக்கும் மின்னாற்பகுப்புதான். ஆனால் முதலாவதில் தண்ணீர் இல்லாமல் வேலையே இல்லை. இரண்டாவதில் தொட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடப் போகக் கூடாது.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் நடத்தியவன் நான். மின்வேதியியல் பாடத்தில் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றேதான்: உப்புத் தண்ணீரையும் உருகிய உப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. "உப்பில் சோடியம் இருக்கிறதே, அப்புறம் ஏனுங்க சார் ஹைட்ரஜன் வருகிறது?" என்று கேட்காத வகுப்பே கிடையாது. இந்தக் கட்டுரை அப்படிக் கேட்கிறவர்களுக்கும், பள்ளி ஆய்வகப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும். வீட்டுச் சமையலறையில் செய்து பார்க்க அல்ல. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் ஒரு தாள், ஒரு பேனா

அடுப்பைப் பற்றவைக்கும் முன் தாளை எடுங்கள். பாத்திரத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எழுதுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் சோடியம் அயனி, குளோரைடு அயனி, தண்ணீர் என்று மூன்று பேர். (அயனி என்றால் மின்சுமை ஏறிய அணு.) உருகிய உப்பு என்றால் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மட்டும்தான்.

எதிர்மின்வாய் எலக்ட்ரானைக் கொடுக்கும் வாசல். நேர்மின்வாய் எலக்ட்ரானை வாங்கும் வாசல். கொடுக்கும் வாசலில் யாரால் சுலபமாக வாங்கிக்கொள்ள முடியுமோ அவருக்கே முதல் இடம். தண்ணீரையும் சோடியம் அயனியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தண்ணீர் முந்திக்கொள்ளும். எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜனாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரியும். சோடியம் அயனி அங்கேயே நின்று வேடிக்கை பார்க்கும். அந்தச் சோடியம் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்ததுதான் காஸ்டிக் சோடா. (பாதரசத்தை எதிர்மின்வாயாக வைத்தால் கதை கொஞ்சம் மாறும். அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) எவ்வளவு வோல்ட் ஏற்றினாலும், எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும், சாதாரண மின்வாய்களை வைத்து உப்புத் தண்ணீரிலிருந்து சோடியத்தைப் பிரித்தெடுக்க முடியாது. சோடியம் வேண்டுமென்றால் முந்துகிற ஆளையே பாத்திரத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். உப்பை உருக்குவதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அயனிகள் நகராவிட்டால் மின்சாரம் ஓடாது. திட உப்பில் அயனிகள் உண்டு, ஆனால் இடம்விட்டு நகராமல் கட்டுண்டு கிடக்கின்றன. அதனால்தான் உப்புக்கல் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஒன்று கரைக்க வேண்டும், இல்லையென்றால் உருக்க வேண்டும். உருகிய எல்லாமே மின்சாரத்தைக் கடத்திவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். வெள்ளைச் சர்க்கரையை உருக்கிப் பாருங்கள். சுற்றில் பல்பை இணைத்தாலும் அது கண்ணே திறக்காது. அதில் இருப்பவை மூலக்கூறுகள், அயனிகள் இல்லை. (கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையை வைத்து இதைச் செய்து காட்டாதீர்கள். அதில் ஈரமும் தாது உப்புகளும் இருப்பதால் கணக்குத் தப்பும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போக வேண்டிய சரக்கை வீணாக்கிய பாவமும் சேரும்.)

எந்த உப்பு?

சாப்பாட்டு உப்பை உருக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். அது 801 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. பள்ளி ஆய்வகத்துப் பன்சன் அடுப்பு அங்கே போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். சேர்ந்தாலும் அங்கே பிறக்கும் சோடியம் அந்தச் சூட்டில் காற்றுப்பட்டதும் தீப்பிடிக்கும். வேண்டாம்.

பழைய புத்தகங்கள் ஈய புரோமைடைச் சொல்லும். அது 370 டிகிரியை ஒட்டி உருகும், ஈயம் பளபளவென்று உருண்டையாகத் திரளும், பழுப்பு நிறப் புரோமின் புகை எழும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஈயமும் நஞ்சு, புரோமினும் நஞ்சு. நாற்பது பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும் மேசையில் அதை வைக்க எனக்கு மனம் வந்ததில்லை. ஓரிரு ஆண்டுகள் செய்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

எனக்குப் பிடித்தது துத்தநாகக் குளோரைடு. புட்டியில் ஜிங்க் குளோரைடு என்று இருக்கும். பற்றவைப்பு வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய சரக்கு. உலோகத்தின் மேல் இருக்கும் ஆக்சைடுப் படலத்தை நீக்க இதைத் தடவுவார்கள். 290 டிகிரியை ஒட்டி உருகிவிடும். அதற்கு இரண்டு குணக்கேடுகள் உண்டு. ஒன்று, உருகிய உடனே பாகு போலக் கெட்டியாக நிற்கும், மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாது. நன்கு வறுத்து உலர்த்திய சாதாரண உப்பைக் கொஞ்சம் சேர்த்தால் இது சரியாகிவிடும். உருகும் வெப்பநிலையும் சற்று இறங்கும், மின்சாரமும் தாராளமாக ஓடும். அப்படியானால் சோடியமும் வருமா? வராது. சோடியம் அயனியைவிடத் துத்தநாக அயனி எலக்ட்ரானை வாங்குவதில் வெகுதூரம் முன்னால் இருக்கிறது. பட்டியல் எழுதும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

இரண்டாவது குணக்கேடு ஈரம். அதற்குத் தனியாக வருகிறேன்.

மேசைமேல் வைக்க வேண்டியவை

ஒரு பீங்கான் புடக்குகை; ஆய்வகத்தில் எல்லோரும் குரூசிபிள் என்றுதான் சொல்கிறோம். அதைத் தாங்கக் களிமண் முக்கோணம், முக்காலி, பன்சன் அடுப்பு. மின்வாய்க்கு இரண்டு கார்பன் குச்சிகள். கடையில் வாங்குவது நல்லது. பழைய டார்ச் பேட்டரியை உடைத்து நடுக் குச்சியை எடுப்பதானால் சாதாரணக் கார்பன் பேட்டரியில் மட்டும் எடுங்கள்; ஆல்கலைன் என்று எழுதியிருப்பதை உடைக்காதீர்கள். இரண்டு குச்சிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க ஒரு பிடிமானம் வேண்டும். இரண்டு துளை போட்ட கல்நார் இல்லாத பலகையோ பீங்கான் துண்டோ போதும்.

மின்சாரம் டி.சி. ஆகத்தான் இருக்க வேண்டும். 12 வோல்ட் கொடுக்கும் ஆய்வக மின்வழங்கி இருந்தால் நல்லது. இரு சக்கர வாகன பேட்டரியும் உதவும். சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து நேராக எடுப்பதைப் பற்றிக் கனவிலும் நினைக்க வேண்டாம். ஏ.சி. கொடுத்தால் வாசல்கள் நொடிக்கு நூறு முறை இடம் மாறி மாறி நிற்கும், பொருள் எதுவும் தனியாகப் பிரியாது. ஆளுக்கு ஆபத்து மட்டும்தான் மிச்சம்.

சுற்றில் தொடராக ஒரு 12 வோல்ட் பல்பு. ஸ்கூட்டர் இண்டிகேட்டரில் போடும் 10 வாட் பல்பு இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்தும். அது முழுதாக எரிந்தாலும் 0.8 ஆம்பியர்தான் போகும். குச்சிகள் இரண்டும் தவறிப்போய் ஒட்டிக்கொண்டாலும் பல்பு பளிச்சென்று எரியுமே தவிர வயர் உருகாது. அடையாளம் காட்டுவதும் அதுதான், காவல் காப்பதும் அதுதான். அம்மீட்டர் ஒன்றும் இருந்தால் பின்னால் கணக்குப் போடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் அலமாரி. அது இல்லாத பள்ளியில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். காணொளியில் காட்டுங்கள், போதும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவை ஆசிரியருக்கும் சேர்த்துத்தான்.

ஈரம் செய்யும் வேலை

துத்தநாகக் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்துக் குடிக்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று வீசும்போது புட்டியைத் திறந்து வைத்தால் கால் மணி நேரத்தில் மேலாக நசநசத்துவிடும்.

ஒரு முறை, சில மாதங்களுக்கு முன்பு திறந்த புட்டியிலிருந்த உப்பை எடுத்துக் காய்ச்சினேன். கரண்டியில் எடுக்கும்போதே ஈரவெல்லம் போலப் பிசுபிசுத்தது. பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். அன்று பாட அட்டவணை நெருக்கடி. அடுப்பை வைத்து இரண்டு நிமிடத்தில் முன்வரிசையிலிருந்த பெண் ஒருத்தி, "சார், இன்னும் உருகவே இல்லை, பல்பு எரிகிறதே" என்றாள். நான் குனிந்து பார்த்த நேரத்தில் உள்ளே அடைபட்டிருந்த நீராவி, மேல் ஓட்டை உடைத்துக்கொண்டு தெறித்தது. கண்ணாடி போட்டிருந்தேன். ஒரு துளி மணிக்கட்டில் விழுந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, அரிசி மணி அளவுக்கு.

அந்தப் பெண் சொன்னதுதான் சரியான அறிகுறி. உப்பு உருகும் முன்பே பல்பு எரிந்தால் அங்கே உருகிய உப்பு இல்லை, கெட்டியான உப்புக் கரைசல் இருக்கிறது என்று பொருள். அப்போது எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் நுரைக்கும், உங்கள் முடிவுகள் எல்லாம் குழம்பும். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள், அடுப்பை அணையுங்கள், ஆறவிட்டு அந்த உப்பைக் கழித்துவிடுங்கள். காய்ச்சியே ஈரத்தை ஓட்டிவிடலாம் என்று முயல வேண்டாம். துத்தநாகக் குளோரைடு அந்த ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடு புகையை வெளியேற்றும், மிச்சம் சுத்தமான குளோரைடாகவும் இருக்காது. புதுப் புட்டியைத் திறந்து, தேவையானதை மட்டும் எடுத்து, உடனே மூடிவிடுவதே வழி.

கோயம்புத்தூரில் கணபதி பக்கம் ஃபவுண்டரி ஒன்றில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "எங்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான் சார். கரண்டியை அனலில் காட்டி உலர்த்தாமல் உலோகத்தில் விடக் கூடாது." உருகிய உலோகமோ உருகிய உப்போ, ஈரம் உள்ளே போனால் தண்ணீர் ஒரே நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் தூக்கி எறியும்.

உருக்கி, முக்கி, பார்ப்பது

புடக்குகையில் பாதி அளவுக்கு உப்பைப் போடுங்கள். குச்சிகளை அப்போதே உள்ளே நிறுத்தி, சுற்றை இணைத்துவிடுங்கள். பல்பு எரியக் கூடாது. இந்த எரியாத பல்பைப் பிள்ளைகள் பார்த்தே ஆக வேண்டும். திட உப்பு மின்சாரத்தைக் கடத்தாது என்பதற்குச் சாட்சி அதுதான். அவசரப்பட்டு இதைத் தாண்டிவிடாதீர்கள்.

பிறகு மெல்லிய சுடரில் சூடேற்றுங்கள். ஓரத்தில் கண்ணாடி போல ஈரப்பளபளப்புத் தெரியும், நடுவில் வெள்ளைத் தீவு ஒன்று மிதக்கும். தீவு கரையக் கரையப் பல்பின் இழை முதலில் இருட்டில் பீடி நெருப்பு போலச் சிவக்கும், பிறகு மஞ்சளாகும். சூடு ஏற ஏற வெளிச்சம் கூடும். அயனிகளுக்கு நடமாட்டம் கூடுகிறது என்று அர்த்தம். வெள்ளைப் புகை நிறைய எழுந்தால் சூடு அதிகம், உப்பே ஆவியாகிறது. சுடரைக் குறையுங்கள்.

நேர்மின்வாயைச் சுற்றிக் குமிழிகள் வரும். பச்சை கலந்த மஞ்சள் நிற வாயு, ஆனால் இந்த அளவில் நிறம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நனைத்த நீல லிட்மஸ் தாளை இடுக்கியால் பிடித்து மேலே காட்டினால் முதலில் சிவக்கும், அடுத்து வெளுத்துப்போகும். குளோரின். திருப்பூரில் சலவைப்பட்டறைப் பக்கம் போனவர்கள் அந்த மணத்தை அறிவார்கள். முகர்ந்து பார்த்து உறுதி செய்யும் வேலை மட்டும் வேண்டாம்.

எதிர்மின்வாயில் உடனே ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் கழித்துக் குச்சியைச் சற்று உயர்த்தினால் சாம்பல் நிறத்தில், கள்ளிச்செடியின் முள்ளைப் போலக் கிளைகிளையாக ஏதோ ஒட்டியிருக்கும். துத்தநாகம். அது உருக 420 டிகிரி வேண்டும். உங்கள் உப்பு அதைவிடக் கீழே இருப்பதால் படிகமாக வளர்கிறது. அதிகம் சூடேற்றி 420ஐத் தாண்டியிருந்தால் கிளைகளுக்குப் பதில் அடியில் ஓர் உருண்டை கிடைக்கும். கிளைகள் எதிர்க்குச்சி வரை வளர்ந்து தொட்டுவிட்டால் பல்பு திடீரென்று முழுப் பிரகாசத்தில் எரியும், நேர்மின்வாயில் குமிழி நின்றுபோகும். பிரகாசம் கூடியதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். மின்சாரம் உப்பு வழியாக ஓடுவதை விட்டுவிட்டு உலோகத்தின் வழியே குறுக்கே ஓடுகிறது. குச்சியைத் தட்டி அந்தப் பாலத்தை உடையுங்கள்.

முடிக்கும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். உப்பு இளகியிருக்கும்போதே குச்சிகளை வெளியே எடுங்கள். கடைசியாக அடுப்பை அணையுங்கள். மாற்றிச் செய்தால் குச்சி உப்பில் இறுகிப்போய், அதைப் பிடுங்கும்போது புடக்குகை விரியும். நான்கு புடக்குகைகளை இப்படிப் பலி கொடுத்த பிறகுதான் எனக்கு இது பழக்கமானது.

மின்வாய் வினைகளை எழுதுவது

பார்த்ததை எழுதுவோம்.

எதிர்மின்வாயில்: துத்தநாக அயனி + 2 எலக்ட்ரான் → துத்தநாகம்

நேர்மின்வாயில்: 2 குளோரைடு அயனி → குளோரின் மூலக்கூறு + 2 எலக்ட்ரான்

வாங்குவது ஒடுக்கம், இழப்பது ஆக்சிஜனேற்றம். இரண்டு வரிகளிலும் எலக்ட்ரான் எண்ணிக்கை பொருந்த வேண்டும். நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர் கடைசியில் நோட்டுக் கணக்கையும் பெட்டிப் பணத்தையும் ஒத்துப்பார்ப்பார். ஒரு ரூபாய் இடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். அப்படி ஒத்துப்பாருங்கள். சோடியம் குளோரைடு என்றால் ஒரு சோடியம் அயனிக்கு ஓர் எலக்ட்ரான்தான். ஆனால் குளோரின் இரண்டிரண்டாகத்தான் வெளியேறும். அதனால் சோடியம் வரியை இரண்டால் பெருக்க வேண்டும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இரண்டாலேதான்.

பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்ற தமிழ்ச் சொற்களிலேயே மின்சுமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மின்னாற்பகுப்புக்கு அது வசதி. அதே சொற்களோடு பேட்டரிப் பாடத்துக்குப் போனால் தலைகீழாகும். அங்கே ஆக்சிஜனேற்றம் நடக்கும் பக்கம் எதிர் சுமை உடையது. ஆகவே பேட்டரிக்கு வரும்போது நான் ஆனோடு, கேத்தோடு என்றே சொல்லிவிடுவேன். ஆக்சிஜனேற்றம் நடப்பது ஆனோடு, ஒடுக்கம் நடப்பது கேத்தோடு. எங்கே போனாலும் இது மாறாது.

இன்னொன்று: புத்தகத்தின் பின்னாலிருக்கும் மின்முனை அழுத்த அட்டவணை 25 டிகிரியில் நீர்க்கரைசலுக்குப் போட்டது. உருகிய உப்பில் யார் முந்துவார் என்று குத்துமதிப்பாகச் சொல்ல அது உதவும். எத்தனை வோல்ட் என்று கணக்கிட அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கணக்கு

அம்மீட்டர் 0.5 ஆம்பியர் காட்டுகிறது, இருபது நிமிடம் ஓட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிடம் என்பது 1,200 விநாடி. பெருக்கினால் 600 கூலும் மின்சுமை. ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,500 கூலும் வேண்டும். இது ஃபாரடேயின் பெயரால் வழங்கும் எண். 600ஐ அதால் வகுத்தால் 0.0062 மோல். துத்தநாகத்துக்கு இரண்டு எலக்ட்ரான் என்பதால் பாதி, 0.0031 மோல். துத்தநாகத்தின் அணு நிறையான 65.4ஆல் பெருக்கினால் 0.2 கிராம். ஒரு சிட்டிகைதான். குளோரினும் அதே 0.0031 மோல், அறை வெப்பநிலையில் 75 மில்லிலிட்டர். அரை டம்ளர் கூட இல்லை. ஆனால் சன்னல் சாத்திய அறையில் முன்வரிசையை இரும வைக்க அது தாராளம்.

நீங்கள் எடைபோட்டுப் பார்க்கும் துத்தநாகம் எப்போதும் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சில துளி உதிர்ந்து உப்பிலேயே கிடக்கும், சில குளோரினோடு மறுபடி சேர்ந்து பழையபடி குளோரைடாகும். பெரிய ஆலைகளும் இந்த இழப்போடுதான் பிழைக்கின்றன.

ஆலைக்குப் போனால்

ஹம்ப்ரி டேவி 1807இல் லண்டனில் உருகிய பொட்டாஷில் மின்சாரம் பாய்ச்சிப் பொட்டாசியத்தையும், சில நாளில் சோடியத்தையும் எடுத்தார். அதற்கு முன் அந்த இரண்டு உலோகங்களையும் மனிதக் கண் பார்த்ததில்லை. தொழிற்சாலை அளவில் சோடியம் எடுக்க இன்றும் பயன்படும் டவுன்ஸ் கலன் 1920களில் வந்தது. அதில் சாதாரண உப்போடு கால்சியம் குளோரைடைக் கலக்கிறார்கள். 801 டிகிரி தேவைப்பட்ட இடத்தில் 600 டிகிரி போதுமானதாகிறது. நடுவில் கிராஃபைட் நேர்மின்வாய், சுற்றிலும் வளையமாக எஃகு எதிர்மின்வாய், இடையில் இரும்புக் கம்பிவலை. வலை எதற்கு? உருகிய சோடியம் உப்பைவிட இலேசானது, மேலே மிதந்து வரும். குளோரினும் மேலேதான் வரும். இரண்டும் சந்தித்தால் பழையபடி உப்பாகிவிடும். பட்ட பாடு வீண். சந்திக்காமல் காப்பதுதான் அந்த வலையின் வேலை. கால்சியமும் கொஞ்சம் கூடவே வந்துவிடும். எலக்ட்ரான் வாங்கும் திறத்தில் இருவரும் கிட்டத்தட்டச் சமம். எடுத்த உலோகத்தை ஆறவிட்டால் கால்சியத்தில் பெரும்பகுதி தனியாகப் பிரிந்துவிடும்.

அலுமினியத்தின் கதை இன்னும் சுவையானது. பாக்சைட்டிலிருந்து பிரித்த அலுமினா 2,000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். அந்தச் சூட்டைத் தாங்கும் தொட்டிக்கு எங்கே போவது? 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே விடையைக் கண்டார்கள். அலுமினாவை உருக்க வேண்டாம், உருகிய கிரையோலைட் என்ற உப்பில் கரைத்தால் போதும். தொட்டியின் சூடு 950 டிகிரியை ஒட்டி நின்றுவிடுகிறது. இருவருமே 1863இல் பிறந்து 1914இல் இறந்தவர்கள் என்பதைச் சொன்னால் வகுப்பில் தூங்குகிறவனும் விழித்துக்கொள்வான்.

ஏன் அலுமினியம் குளோரைடை உருக்கக் கூடாது என்று கெட்டிக்கார மாணவன் கேட்பான். சாதாரண அழுத்தத்தில் அது உருகாமலேயே 180 டிகிரியில் ஆவியாகிவிடும். அழுத்தி உருக்கினாலும் மூலக்கூறாகத்தான் இருக்கும், மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாது. சர்க்கரையை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் புடக்குகையில் கார்பன் குச்சிகள் சும்மா நின்றன. அலுமினியத் தொட்டியில் நேர்மின்வாய்க் கார்பன் சும்மா நிற்பதில்லை. வரும் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து கார்பன் டைஆக்சைடாகப் போகிறது. மொத்த வினை: 2 அலுமினா + 3 கார்பன் → 4 அலுமினியம் + 3 கார்பன் டைஆக்சைடு. ஒரு கிலோ அலுமினியம் எடுக்க நானூறு கிராமுக்கு மேல் கார்பன் கரைகிறது. மின்வாயை வேடிக்கை பார்ப்பவர் என்று நினைத்து எழுதினால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். பட்டியல் எழுதும்போது மின்வாயின் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் இண்டிகேட்டர் பல்புக்கு அங்கே ஓர் அண்ணன் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் நாலைந்து வோல்ட்தான் நிற்கும். அலுமினா தீர்ந்துபோய் இரண்டு சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், நேர்மின்வாயின் அடியில் வாயு போர்வை போலப் படிந்து வோல்ட் திடீரென்று இருபது, முப்பது என்று எகிறும். பழைய ஆலைகளில் ஒவ்வொரு தொட்டிக்கும் குறுக்கே ஒரு பல்பைக் கட்டியிருப்பார்கள். நாலு வோல்ட்டில் எரியாத பல்பு முப்பதில் எரியும். எரிந்ததும் ஆட்கள் ஓடி வந்து மேலோட்டை உடைத்து அலுமினா கொட்டுவார்கள். பச்சை மரக் கழியை உள்ளே செருகிக் கலக்குவதும் உண்டு, அதிலிருந்து கிளம்பும் ஆவி அந்த வாயுப் போர்வையைக் கலைக்கும் என்பதால். ஆயிரம் டிகிரியை நெருங்கும் தொட்டியில் பச்சைக் கழி! ஈரம் கூடாது என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இதைச் சொல்வது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. அது கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்கிற வேலை, நமக்கு அல்ல.

ஒரு லட்சம் ஆம்பியர் ஓடும் ஒரு தொட்டி, ஃபாரடே கணக்குப்படி நாளொன்றுக்கு 805 கிலோ அலுமினியம் தர வேண்டும். கிடைப்பது அதில் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம். நாலைந்து வோல்ட்டை ஆம்பியரோடு பெருக்கிப் பார்த்தால் ஒரு கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வருகிறது. 100 யூனிட்டை வைத்து ஏழு கிலோ எடுக்கலாம், அவ்வளவுதான். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் மோட்டாரைப் பிரித்து ரோட்டாரின் இரு முனைகளிலும் வெள்ளையாகத் தெரியும் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். அது அச்சில் வார்த்த அலுமினியம். எங்கோ ஒரு தொட்டியில் அத்தனை யூனிட்டைக் குடித்துவிட்டு வந்து, இங்கே கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது.

கடைசி வேலைகள்

புடக்குகை முழுதாக ஆறியபின் தண்ணீரில் ஊறவையுங்கள். சூடாக இருக்கும்போது அருகில் கூடத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டாம். கரைசல் பால் போலக் கலங்கினால் சில சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் தெளியும். அதிகம் விட்டால் அடியில் கிடக்கும் துத்தநாகமே கரைந்துவிடும். சாம்பல் நிறத் துணுக்குகளைக் கழுவி, ஒன்றை மட்டும் சோதனைக் குழாயில் போட்டு அமிலம் சேர்த்துக் காட்டுங்கள். ஹைட்ரஜன் குமிழியிடும், கிடைத்தது உலோகம்தான் என்பது பிள்ளைகளுக்கு அப்போதுதான் நிச்சயமாகும். கரைசலைத் தொட்டியில் கொட்டாமல் உலோக உப்புக் கழிவுக்கான ஜாடியில் சேருங்கள். துத்தநாகம் அளவு மீறினால் மீனுக்கு ஆகாது, நம் சாக்கடையெல்லாம் கடைசியில் பவானிக்கும் நொய்யலுக்கும்தான் போகின்றன.

கார்பன் குச்சிகளைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். கார்பன் நுண்துளை உள்ளது, உள்ளே ஈரத்தை ஒளித்து வைத்திருக்கும். உப்புப் புட்டியின் மூடியை இறுக்கி, மேலே மெழுகு தடவி, திறந்த தேதியைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு அதை எடுக்கப் போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.